முதியோர் பராமரிப்பு: பாசத்தோடு பயிற்சியும் வேண்டும்





முதுமை அடைந்த பெற்றோரிடம் ‘சீ’ என்ற சொல்லைக்கூடச் சொல்லிவிடக் கூடாது என்பது திருக்குர்ஆனின் கட்டளை (17:23). எத்தனையோ பயான்களில் இதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்பது வேறு. படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு ஒரே இரவில் மூன்றாவது முறை துணி மாற்றுவது வேறு. மகன் பிரான்ஸிலோ வளைகுடாவிலோ இருப்பார், பணம் அனுப்புவார். வீட்டில் மருமகள் ஒருத்தி மட்டும். ஒரு நாள் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடுகிறது. பிறகு அழுகிறாள்.

அவள் கெட்டவள் அல்ல, களைத்துப்போனவள். பராமரிப்பை எப்படிச் செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

முதுமைக்கும் ஒரு படிப்பு

எல்லா நோய்க்கும் மருந்து உண்டு, முதுமைக்கு மட்டும் இல்லை என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருந்து இல்லை என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருள் அல்ல. முதுமையை நீக்க முடியாது. அதன் வேதனையைக் குறைக்க முடியும்.

நம் அண்டை நகரமான சென்னையில்தான் இதற்கு வழி பிறந்தது. 1978-ல் அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதலாவது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனாலும் நம் பெரியவர்கள் மருத்துவமனையில் இருப்பது சில நாள். வீட்டில் இருப்பது பல ஆண்டுகள். ஆகவே அந்த அறிவு வீட்டுக்கும் வர வேண்டும்.

கோவா காட்டிய வழி

வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா? இதைக் கோவாவில் டாக்டர் அமித் டயஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்களைப் பராமரிக்கும் 81 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. உள்ளூரில் மேல்நிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, ஏறத்தாழ பாதிக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் 15 நாளுக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போய், நோயை விளக்கி, பராமரிக்கும் முறையைச் சொல்லி, குறைகளைக் கேட்டார்கள். மற்றக் குடும்பங்கள் காத்திருந்து பிறகு உதவி பெற்றன.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்ற வீடுகளில் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. 2008-ல் வெளியான இந்த முடிவு நமக்குச் சொல்வது: விலை உயர்ந்த மருந்தோ பெரிய கட்டடமோ இல்லாமலே, பயிற்சி பெற்ற ஒரு பக்கத்து வீட்டுக்காரரால் ஒரு குடும்பத்தின் சுமையைக் குறைக்க முடியும்.

நம் மாநிலத்தைச் சேர்ந்த மாஹேவுக்கு அருகில், கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் தொண்டர்கள் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு மருத்துவமனைப் பிரிவாகத் தொடங்கிய பணி அது.

வீட்டில் செய்ய மூன்று பாடங்கள்

1. படுக்கைப் புண். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகத் தொடங்கும். வாலெலும்பு, இடுப்பின் பக்கம், குதிகால் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை இருக்கட்டும். இழுக்காதீர்கள், விரிப்போடு இருவராகத் தூக்குங்கள். வளையம் போன்ற ரப்பர் தலையணை வேண்டாம்; அது சுற்றியுள்ள இடத்தை அழுத்தும். புண் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. மறதி நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இது இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு காட்டுகிறது. ‘அத்தா எப்போ வருவார்?’ என்று உம்மா நாற்பதாவது முறை கேட்டால், அது பிடிவாதம் அல்ல; முன்பு கேட்டது அவர் நினைவில் இல்லை. ‘அவர் மௌத்தாகிப் பத்து வருஷம் ஆச்சு’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுத் துக்கம். ‘அத்தாவைத் தேடுதா உம்மா?’ என்று கையைப் பிடித்து, அவரைப் பற்றிப் பேசவிடுங்கள். வாதம் வேண்டாம்.

3. இபாதத். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தருகிறது. தண்ணீர் கெடுதி செய்யும் என்றால் தயம்மும் உண்டு. அறிவுத் தெளிவு முற்றிலும் போனவர் மீது தொழுகை கடமையில்லை. ஒரே தொழுகையை மூன்று தடவை தொழுகிறார் என்று அதட்ட வேண்டாம். ஐயம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு

‘ஆயா வேலை’ என்று இதைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். செவிலியர் படிப்பு ஜிப்மரிலும் அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனத்திலும் உண்டு. நோயாளிகளை வீட்டில் பராமரிக்கும் உதவியாளருக்கான குறுகிய காலப் பயிற்சியும் அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ளது. பிளஸ் டூ முடித்த பெண்களும் ஆண்களும் இதைப் படித்தால் கண்ணியமான வருமானம் கிடைக்கும். ஒவ்வொரு முஹல்லாவிலும் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பார்.

குடும்பத்தோடு பேசுங்கள்

• நம் வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர் யார்? அவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கிடைக்கிறதா?
• வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணத்தோடு வேறு எதைப் பகிர்ந்துகொள்ள முடியும்?
• நம் தெருவில் இந்தப் பயிற்சிக்குப் போக விரும்பும் இளைஞர் யார்?

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை.

நாம் சிறுவர்களாக இருந்தபோது நம்மை வளர்த்தவர்களுக்காகக் கேட்க வேண்டிய துஆவையும் அல்லாஹ் அடுத்த வசனத்திலேயே (17:24) கற்றுத் தந்திருக்கிறான். நாவால் அதைக் கேட்போம். கையாலும் அதற்குத் தகுதியாவோம், இன்ஷா அல்லாஹ்.