சிலிக்கானுக்குச் சட்டை தைப்பது எப்படி?

பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு நடத்தும்போது லித்தியம் அயனி மின்கலத்தை எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசி என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆனோடுக்குள் போய்த் தங்குகின்றன. (மின்னாற்பகுத்தலில் ஆனோடு நேர்மின்வாய், மின்கலம் மின்சாரம் தரும்போதோ அது எதிர்முனை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.) இன்று பெரும்பாலும் ஆனோடு கிராஃபைட்தான். அதில் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம், அதாவது 72 கிராமுக்கு ஒரு மோல். சிலிக்கானில் நான்கு அணுக்களுக்கு 15 லித்தியம் வரை இடமுண்டு. 28 கிராமுக்கு 3.75 மோல். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 26,800 மில்லி ஆம்பியர் மணி என்று கொடுத்து, மாணவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் கிராஃபைட்டுக்கு 372, சிலிக்கானுக்கு ஏறத்தாழ 3,590 வரும்.

“அப்போ எல்லா போன்லயும் சிலிக்கானே போடலாமே சார்?”

போடலாம். ஆனால் லித்தியம் நிறைந்ததும் சிலிக்கானின் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கிராஃபைட் சுமார் 10 சதவீதமே விரியும். விரிந்து சுருங்கிச் சிலிக்கான் துகள் நொறுங்குகிறது. அதைவிடக் கேடு மேற்பரப்பில் நடக்கிறது. மின்பகுளி ஆனோடைத் தொடுமிடத்தில் சிதைந்து மெல்லிய படலமாகப் படியும். கிராஃபைட்டில் அது பெரும்பாலும் நிலைத்து நின்று காக்கிறது. சிலிக்கானிலோ அது கிழிந்துகொண்டே இருக்கிறது. புதிதாக உருவாகும் ஒவ்வொரு படலமும் லித்தியத்தையும் மின்பகுளியையும் தின்கிறது.

சென்ற ஆண்டு, “கார்பன் பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும்” என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, “உள்ள ஊதினா பூச்சும் வெடிக்காதா சார்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் பாதி ஊதிய பலூனில் களிமண் பூசிக் காயவைத்து, மேலும் ஊதினோம். அவள் சொன்னபடியே வெடித்து உதிர்ந்தது. பிறகு பலூனைப் பிளாஸ்டிக் புட்டிக்குள் விட்டு ஊதினோம். புட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. (புட்டியின் அடியில் துளையிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பலூன் ஊதாது.)

2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுய் குழுவினர் செய்ததும் இதுதான்: ஒட்டிய பூச்சு அல்ல, இடைவெளி விட்ட கார்பன் ஓடு. சிலிக்கான் துகள்மேல் முதலில் சிலிக்கா, அதன்மேல் கார்பன். பிறகு ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் சிலிக்காவை மட்டும் கரைத்துவிடுவார்கள். சிலை வார்ப்பில் மெழுகை உருக்கி வெளியேற்றுவது போல. ஓட்டின் வழியே லித்தியம் போய்வரும். படலமோ அசையாத ஓட்டின்மேல் படியும். 2014இல் இத்தகைய துகள்களை மாதுளை முத்துகள் போல் திரட்டினார்கள். 1,000 சுழற்சிக்குப் பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது. ஆனால் அந்த அமிலம் மிக ஆபத்தானது; தயாரிப்புச் செலவும் கூடுதல்.

இதைச் சொன்னதும் அதே மாணவி, “காலியிடம் விட்டா பேட்டரி பெருசாயிடாதா சார்?” என்றாள். ஆமாம். அந்தக் கணக்கை அடுத்த வகுப்புக்கு வைத்திருக்கிறோம்.