வீடு மாறினால் தொலைபேசிக்கு மீண்டும் இணைப்புக் கட்டணமா?

வீடோ கடையோ மாறும்போது லொறிக் கூலி, முற்பணம், வர்ணம் பூசும் செலவு என எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறோம். தொலைபேசியை மாற்றும் செலவு மட்டும் பலருக்குப் பட்டியல் வந்த பின்னரே தெரிகிறது. நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் செய்பவருக்குத் தொலைபேசி இலக்கம் கடையின் பெயர்ப்பலகை போன்றது. தம்புள்ளையிலும் கொழும்பிலும் உள்ள மொத்த வியாபாரிகள் லீக்ஸ், கரட் விலை கேட்பது அந்த இலக்கத்தில்தான். கட்டணத் தகராறில் கோபப்பட்டு இணைப்பைத் துண்டித்தால் நட்டம் நமக்கே. ஆகவே எந்தக் கட்டணம் எதற்கு என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

புதிய இணைப்புக் கட்டணம் என்பது, பரிவர்த்தனை நிலையத்தில் உங்களுக்கென ஓர் இலக்கம் ஒதுக்கி, வீடு வரை முதன்முறையாகக் கம்பி இழுப்பதற்கானது. இடமாற்றக் கட்டணம் என்பது, ஏற்கனவே உள்ள இணைப்பை வேறு முகவரிக்குக் கொண்டு செல்வதற்கானது. பெயர் மாற்றக் கட்டணம், முன்பு குடியிருந்தவரின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றும்போது வருவது. அப்படி மாற்றுவதற்கு முன் அவரது நிலுவை தீர்க்கப்பட்டதா என்று கேட்டு, பற்றுச்சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பரிவர்த்தனை நிலையத்தின் எல்லைக்குள் மாறினால், பெரும்பாலும் பழைய இலக்கத்தையே வைத்துக்கொள்ளலாம். நுவரெலியாவிலிருந்து ஹற்றனுக்குப் போனால் நிலைமை வேறு. நுவரெலியாவின் பிரதேசக் குறியீடு 052, ஹற்றனுடையது 051. அங்கு இலக்கமும் மாறும், புதிய இணைப்பாகவும் கணிக்கப்படலாம். செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறுவதானால் கருவிக்கான கட்டணத்தையும் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நுவரெலியா நகரத்துக்குள்ளேயே வீடு மாறினேன். இடமாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். இலக்கமும் மாறவில்லை. ஆனால் அடுத்த பட்டியலில் இடமாற்றக் கட்டணத்தோடு புதிய இணைப்புக் கட்டணமும் சேர்ந்து வந்தது. கருமபீடத்தில் கேட்டபோது, "சேர், கம்ப்யூட்டரில அப்படித்தான் காட்டுது, கட்டிட்டு அப்புறம் எழுதிக் குடுங்க" என்றார் அங்கிருந்தவர். நான் இடமாற்றக் கட்டணத்தையும் மாத வாடகையையும் பேசிய கட்டணத்தையும் செலுத்தினேன். மீதியை மறுத்து, முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்தேன். விண்ணப்பப் பிரதியும், ஆரம்பத்தில் இணைப்புக் கட்டணம் செலுத்திய பழைய பற்றுச்சீட்டும் இணைத்திருந்தேன். இரண்டு மாதங்களின் பின் அந்தத் தொகை என் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கடிதத்தை விட அந்தப் பழைய பற்றுச்சீட்டே எனக்குக் கைகொடுத்தது.

இத்தகைய நிலையில் செய்யவேண்டியவை:

1. பட்டியலில் கட்டணத்தின் பெயரைப் பாருங்கள். தொகையைப் பற்றி மட்டும் வாதிடாதீர்கள்.

2. தகராறில்லாத பகுதியைத் தவணைக்குள் செலுத்துங்கள். உதாரணமாக, பட்டியல் 9,000 ரூபா, அதில் நீங்கள் மறுப்பது 6,000 ரூபா என்றால், 3,000 ரூபாவைச் செலுத்தி, அது எதற்கானது என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

3. முறைப்பாட்டு இலக்கம், திகதி, பேசியவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்றும் எழுத்தில் கேளுங்கள்.

4. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது பிரதியில் கையொப்பமும் முத்திரையும் பெறுங்கள்.

5. நிறுவனம் தீர்க்காவிட்டால், கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டபோது அமைக்கப்பட்டது இந்த ஆணைக்குழு. பாவனையாளர் நலனைப் பாதுகாப்பதும் அதன் பணிகளில் ஒன்று. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டதற்கான ஆதாரத்தையும் அனுப்புங்கள்.

தோட்டப் பகுதிகளில் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வீடு தோட்ட நிர்வாகத்தின் காணியில் இருந்தால், கம்பம் நட அவர்களின் சம்மதமும் தேவைப்படலாம். கம்பச் செலவு யாருடையது என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு, மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். வேலை முடிந்த பின் கேட்டால் பேரம் பேச இடமிருக்காது.

வீடு மாறும் நாளில் பழைய காகிதங்களை எரித்துவிடுவது நம்மவர் வழக்கம். தொலைபேசி, மின்சார, நீர்ப் பற்றுச்சீட்டுகளை மட்டும் ஒரு கோவையில் போட்டு முதல் லொறியிலேயே ஏற்றிவிடுங்கள்.