ஓடை நீர்ப் புழுக்கள்: நண்பன் எது, பகைவன் எது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி மலைக்காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இங்கிருந்து இறங்கும் ஓடை நீரிலும், அது பாயும் வயலிலும் பலவகைப் பூச்சிகளின் இளம்பருவங்கள் வாழ்கின்றன. அவை எதைத் தின்கின்றன என்று தெரிந்துகொண்டால் வீண் மருந்துச் செலவைத் தவிர்க்கலாம்.

நான்கு வகை

இரை உண்ணும் முறையைக் கொண்டு இவற்றை நான்காகப் பிரிக்கலாம். முதல் வகை, நீரில் விழுந்து ஊறிய இலைச் சருகைக் கடித்துத் துண்டாக்கும். இரண்டாம் வகை, மிதந்து வரும் தூளையும் அடியில் படியும் மக்கையும் சேகரிக்கும். இவற்றில் சில, கல்லிடுக்கில் பட்டு நூலால் வலை பின்னி, ஓட்டத்தில் வரும் இரையைப் பிடிக்கும். கொசுப்புழுவும் இவ்வகையே. மூன்றாம் வகை பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். நான்காம் வகை பிற பூச்சிகளை வேட்டையாடும்.

காட்டுச் சருகு தூளாகி, தூள் புழுவாகி, புழு மீனுக்கும் தவளைக்கும் இரையாகிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் கடலோரத்தில் நீர் உவர்ப்பாவதால் பூச்சியினங்கள் குறைந்துவிடும். உப்பைத் தாங்கும் சிலவகைக் கொசு, ஈக்களின் புழுக்கள் போன்றவையே அத்தகைய நீரில் வாழும்.

வயலின் நண்பன்

வேட்டையாடும் வகையில் முக்கியமானது தட்டான் பூச்சியின் இளம்பருவம். இதன் கீழுதடு தலைக்கு அடியில் மடிந்திருக்கும். இரை அருகில் வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு கவ்வும். கொசுப்புழுக்களையும், நெல் வயலில் நீரில் விழும் புகையான் குஞ்சுகளையும் இது தின்னும். வளர்ந்த ஊசித்தட்டான் நெற்பயிரின் தூரிலேயே புகையானைப் பிடித்துத் தின்னும்.

வயலின் பகைவன்

நெல் கூண்டுப்புழுவும் நீரில் வாழ்வதே. இலை நுனியை வெட்டிச் சுருட்டிக் கூண்டாக்கி, அதனுள் இருந்து பச்சையத்தைச் சுரண்டும். செவுள் மூலம் சுவாசிப்பதால் இதற்கு நீர் அவசியம். பயிரின் மேல் கயிற்றை இழுத்துக் கூண்டுகளை நீரில் விழச் செய்து, நீரை வடிக்கும்போது வடிகால் வாயில் வலை கட்டி அவற்றை அள்ளி அழிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. தூருக்கு ஒன்று என்ற அளவில் புகையான் காணப்பட்டால் மட்டுமே மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

2. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கக் கூடாது. இவை தட்டான் இளம்பருவத்தையும் மீனையும் கொன்று, புகையான் மீண்டும் பெருக வழி செய்யும்.

3. தெளிக்கும் முன் வயல் நீரை வடிக்க வேண்டும். தெளித்தபின் வயல் நீர் ஓடையில் சேராமல் மடையை அடைக்க வேண்டும்.

4. மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் தோப்புக்காரர்கள் ஓடைக்கரை மரங்களுக்குக் காற்றில்லாத நேரத்தில் அடிப்பது நல்லது. தெளிப்பானையும் மருந்துப் புட்டியையும் ஓடையில் கழுவக் கூடாது.

மேல்தோப்பில் கழுவிய மருந்து கீழ்வயலின் நண்பனைக் கொல்லும். அதற்கான செலவு கீழ்மடை விவசாயியின் தலையில் விழும். ஓடையைக் காப்பது அனைவரின் பயிரையும் காப்பதாகும்.