துண்டுத் துணிப் போர்வை: கழுவினாலும் தையல் பிரியாமல் இருக்க



நம்ம தோட்டங்களில் இருந்து போன பல பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புடைவைக் கடை, தையல் கடையில் நிற்கிற பிள்ளை தீபாவளிக்கு வரும்போது ஒரு பை வெட்டுத்துணியும் கொண்டு வரும். அதை ஒட்டித் தைத்தால் ஒரு போர்வை ஆகும். தை மாதக் குளிரில் லயத்துக் காம்பராவில் அது பெரிய உதவி. ஆனால் பீலியில் இரண்டு மூன்று தடவை கழுவியதும் தையல் வாய் திறந்து, நூல் நூலாகத் தொங்குகிறது. “துணி சரியில்ல” என்று தூக்கிப் போடுகிறோம். பெரும்பாலும் குற்றம் துணியில் இல்லை. வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டதுதான் காரணம்.

ஏன் பிரிகிறது?

வெள்ளவத்தையில் முன்பு பெரிய நூற்பு நெசவு ஆலை ஒன்று இருந்தது. 1933 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் பலரும் அறிந்த ஆலை அது. அப்படியான ஆலைத் தறியில் நெடுக்கே பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் ஓடும். ஊடை நூல் ஓரத்துக்குப் போய்த் திரும்பித் திரும்பி வருவதால் துணியின் கரை இறுகி நிற்கும். கத்தரிக்கோல் பட்ட இடத்தில் அந்தத் திருப்பம் இல்லை. கழுவும்போது ஓரம் உரசி, நூல் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் தையல் வரைக்கும் வந்து விடும். பிறகு தையல் பிடிக்கத் துணியே இருக்காது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தொங்குகிற நூல் கைக்குழந்தையின் கால் விரலிலோ கை விரலிலோ சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். குழந்தை காரணமில்லாமல் அழுதால் விரல்களைப் பாருங்கள். வீங்கிச் சிவந்து, நூல் எடுக்க முடியாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தைக்கும் முறை

1. துணியைப் பிரித்து வையுங்கள். நெருக்கமாக நெய்த பொப்ளின், சீத்தை நல்லது. வழுக்குகிற சாட்டின், ஜோர்ஜட் சீக்கிரம் பிரியும். டீ-சேர்ட் துணி பிரியாது, ஆனால் இழுபடும். எல்லாவற்றையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம்.

2. தைக்க முன்பு துணியை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சாயம் போகிற துணியும் தெரிந்து விடும்.

3. தையலுக்கு வெளியே அரை அங்குலம் துணி விடுங்கள். கால் அங்குலம் விட்டால் நம்ம கழுவலுக்குத் தாங்காது.

4. ஓரத்தை உள்ளே மூடித் தையுங்கள். இரண்டு துண்டின் உள்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். வெளியே நிற்கும் ஓரத்தைப் பாதியாக வெட்டி, பிசிறுகளை எடுத்து விடுங்கள். இப்போது துணியைத் திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி மடித்து, மறுபடி கால் அங்குலத்தில் தையுங்கள். வெட்டிய ஓரம் இரண்டு தையலுக்கும் நடுவே அடைபட்டு விடும்.

5. மெஷின் இல்லையா? கையால் பின் தையல் போடுங்கள். வெறும் ஓட்டுத் தையல் ஒரு இடத்தில் அறுந்தால் நெடுக உருவி வந்து விடும்.

6. பின்பக்கத்துக்குப் பழைய சேலையை வெட்டாமல் மடித்து வையுங்கள். வங்காளத்துப் பெண்கள் கந்தா என்ற போர்வையை இப்படித்தான் செய்தார்கள்: பழைய சேலைகளை அடுக்கி, முழுவதும் ஓட்டுத் தையல் போட்டார்கள். நீங்களும் நாலு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டுத் தையல் போட்டால், ஈரத் துணியின் பாரம் ஒட்டுத் தையலில் மட்டும் விழாது.

7. சுற்றிவர இரண்டு அங்குலப் பட்டி மடித்துத் தையுங்கள்.

கழுவும் முறை

கல்லில் அடிக்க வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறப் போட்டு, பேசினில் காலால் மெதுவாக மிதியுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழியாமல், அமுக்கித் தண்ணீரை எடுங்கள். ஒரு கொடியில் மூலையைப் பிடித்துத் தொங்க விடாமல், இரண்டு கொடியில் பரப்பிக் காய வையுங்கள். தேயிலைச் செடி மேல் போட்டால் குச்சி நூலை இழுக்கும், தெளித்த மருந்தும் துணியில் ஒட்டும்.

ஏற்கெனவே பிரிந்த போர்வை

தொங்கும் நூலை இழுக்காதீர்கள், வெட்டி விடுங்கள். வாய் திறந்த இடத்தில் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, மேலே ஒரு பட்டித் துணி வைத்துச் சுற்றிவரத் தையுங்கள். கழுவ முன்பே இதைச் செய்ய வேண்டும். ஈரத்தில் சின்ன ஓட்டை பெரிதாகி விடும்.

செய்து பாருங்கள்

உள்ளங்கை அளவு துண்டுகள் நாலு எடுங்கள். இரண்டைச் சாதாரணமாகவும், இரண்டை மேலே சொன்னபடி ஓரம் மூடியும் தையுங்கள். வீட்டு உடுப்போடு சேர்த்து ஐந்து தடவை கழுவுங்கள். இரண்டையும் திருப்பி உள்பக்கம் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வீட்டில் தையல் பழகுகிற மகளுக்கும் காட்டுங்கள். ஒரு தையலுக்குப் பதில் இரண்டு தையல், அவ்வளவுதான் கூடுதல் வேலை.