சர்க்கரை நோயாளிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையா?

டாக்டரிடம் கேளுங்கள்
பதிலளிப்பவர்: நீரிழிவு நோய் சிறப்பு மருத்துவர்

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி 8.6. என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர், ‘சர்க்கரையால் ஃப்ரீ ராடிக்கல் பெருகித்தான் கண்ணும் கிட்னியும் கெடுகின்றன’ என்று சொல்லி, வைட்டமின் சி, ஈ கலந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். தினமும் போடலாமா? சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நண்பர் காரணத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மருந்தைத்தான் தவறாகச் சொல்லிவிட்டார்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும்போது, சூப்பர்ஆக்ஸைடு போன்ற ஃப்ரீ ராடிக்கல்கள் கொஞ்சம் உண்டாகும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அவற்றை அடக்க உடம்பிலேயே என்ஸைம்கள் இருக்கின்றன: சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்ஸிடேஸ். இவற்றால் அடக்க முடியாத அளவுக்கு உற்பத்தி பெருகிவிட்டால், அதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது பெரும்பாலான செல்கள், தமக்குள் வரும் சர்க்கரையின் அளவைக் குறைத்துக்கொள்ளும். விழித்திரையின் நுண்ரத்தக் குழாய்கள், கிட்னியின் வடிகட்டிகள், நரம்புகள் ஆகியவற்றில் உள்ள செல்களுக்கு அந்தத் திறன் போதாது. ஆகவே பாதிப்பு அங்கேதான் முதலில் தெரிகிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் ‘நேச்சர்’ இதழில் இதன் உள்விவரத்தைத் தொகுத்துத் தந்தார். மிதமிஞ்சிய சூப்பர்ஆக்ஸைடு, சர்க்கரை எரியும் வழக்கமான பாதையை நடுவில் மறித்துவிடுகிறது. தேங்கிய சர்க்கரை பக்கவழிகளில் திரும்புகிறது. அதில் ஒரு வழியில் சர்க்கரை சார்பிட்டாலாக மாறுகிறது. அதற்குச் செலவாகும் என்ஏடிபிஹெச் என்ற பொருள்தான், மேலே சொன்ன பெராக்ஸிடேஸ் என்ஸைம் பயன்படுத்தும் குளுட்டதயோனைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்துகிற கதைதான்: தாக்குதல் கூடும் அதே நேரத்தில் பாதுகாப்பு இளைக்கிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலோ கேட்டலேஸும் பெராக்ஸிடேஸும் இயல்பிலேயே குறைவு.

‘குறைவதை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?’ என்று ஆராய்ச்சியாளர்களும் யோசித்தார்கள். ‘ஹோப்’ என்ற பெரிய ஆய்வில், இதய ஆபத்து அதிகமுள்ள 9,541 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். 2000இல் வெளியான முடிவு: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆய்வை நீட்டித்துப் பார்த்தபோது, வைட்டமின் எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. செலினியம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்தின் கதை இன்னும் மோசம். தினமும் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது அதிகரித்ததாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு முறை வினைபுரிந்ததும் செலவாகிவிடும். மறுபடி புதுப்பித்தால்தான் பயன்படும். என்ஸைம் அப்படி இல்லை, ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை ஏறியபடி இருக்கும்வரை ஃப்ரீ ராடிக்கலும் நிமிடத்துக்கு நிமிடம் உண்டாகும். அந்த உற்பத்தியைக் குறைப்பதுதான் வழி. டைப்-1 நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிந்த ‘டிசிசிடி’ ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது, கண் பாதிப்பு இல்லாதிருந்தவர்களுக்கு அது புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. உங்களைப் போன்ற டைப்-2 நோயாளிகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு, நுண்ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததை 1998இல் சொன்னது. எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் இதைச் செய்துகாட்டியதில்லை. எனவே அதை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை மாத்திரையில் கை வைக்காதீர்கள். 8.6 என்பது மருந்தைக் குறைக்கும் அளவு அல்ல. கூட்டவோ மாற்றவோ வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய அளவு.

கேள்வி: அப்படியென்றால் நெல்லிக்காய், மஞ்சள், முருங்கைக்கீரை எல்லாம் வீண்தானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: யார் சொன்னது? தாராளமாகச் சாப்பிடுங்கள். தட்டில் சோறு இருந்த இடத்தைக் கீரையும் காயும் பிடித்தால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பெரிய லாபமே அதுதான். கூடவே நார்ச்சத்தும் வைட்டமின்களும் கிடைக்கும். பெரிய நெல்லிக்காயை அப்படியே மென்று தின்னலாம். தேன் நெல்லி மட்டும் வேண்டாம், அது சர்க்கரைப் பாகில் ஊறியது போலத்தான். குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. கிட்னி பாதிப்பு இருந்தால், கீரையில் உள்ள பொட்டாசியத்தைக் கணக்கில் கொண்டு டாக்டர் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி செய்தாலும் ஃப்ரீ ராடிக்கல் பெருகுமாமே? அதற்கு முன் ஒரு வைட்டமின் சி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பெருகும், அது நல்லதற்குத்தான். உழைக்கும் தசையில் சிறிது நேரம் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல், ‘பாதுகாப்பைக் கூட்டு’ என்று செல்லுக்குச் சொல்லும் சமிக்ஞை. ஜெர்மனியில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் எடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்ஸைம்களும் கூடின. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாள் முழுக்க ஓயாமல் இருக்கும் ஸ்ட்ரெஸ் வேறு, நடந்த அரைமணி நேரம் வந்துபோகும் ஸ்ட்ரெஸ் வேறு. மாத்திரை இல்லாமலே நடங்கள்.

கேள்வி: லேப் பேக்கேஜில் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எடுக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அதன் முடிவைப் பார்த்து மாற்றக்கூடிய சிகிச்சை எதுவும் கிடையாது. அந்தப் பணத்துக்கு ஹெச்பிஏ1சி, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். வருடம் ஒரு முறை விழித்திரையையும் பாதங்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் போடுபவர்களுக்குக் கால் எரிச்சலோ மதமதப்போ இருந்தால் பி12 அளவையும் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் வைட்டமின் மாத்திரையோ ஊசியோ கட்டாயம் தேவைப்படும். அதற்கு நானே சீட்டு எழுதித் தருவேன்.