ஒரே ஒருமுறைதான் எறியலாம்



போன வருஷம் எங்க பூச்சோங் கிளையின் சனிக்கிழமை வகுப்பில் பகடை உருட்டினோம். அதுவும் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில். ரெண்டாவது வாரமே பெரியவர் ஒருத்தர் வாசலில் நின்னு, "தம்பி, பகடையாலதான் பாண்டவங்க காட்டுக்குப் போனாங்க. நீங்க கோயிலுக்குள்ள வெச்சு என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாரு. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். அது தப்பு. அவர் கேள்விக்கு அன்னைக்கே ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும். இந்தப் பாடத்தை அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

முதல்ல விளையாட்டு என்னன்னு சொல்லிடறேன். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். "நீங்க ஆற்றங்கரையில நிக்கறீங்க, எதிர்க்கரையில தீப்பந்தம் தெரியுது, என்ன செய்வீங்க?"ன்னு கதை நடத்துறவர் கேட்பார். நீங்க சொல்றதுதான் நடக்கும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல மட்டும் இருபது முகப் பகடையை உருட்டுவோம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி.

அதுக்குள்ளேயே பல பிரிவு இருக்கு. நான் பேசப்போறது வாளும் மாயமும் கலந்த வகை. ராபர்ட் ஹோவர்ட் எழுதிய கோனன் கதைகள் 1932-இல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வரத் தொடங்கின. அந்த மாதிரிக் கதைகளுக்கு இந்தப் பெயரை 1961-இல் சூட்டியவர் ஃபிரிட்ஸ் லைபர் என்ற எழுத்தாளர். இதில் நாயகன் உலகத்தைக் காப்பாத்த வந்த இளவரசன் இல்லை. கூலிக்கு வாள் தூக்குறவன், திருடன், ஊர் ஊரா அலையறவன். மாயம் ரொம்பக் குறைவு. இருந்தாலும் அதுக்கு ஒரு விலை இருக்கும்.

நான் ஆரம்பிச்சது இப்படி இல்லை. முதல் மூணு வாரம் எல்லாருக்கும் மந்திரம், பறக்கும் தேர், தீயம்பு எல்லாம் அள்ளிக் கொடுத்தேன். பிள்ளைங்க குஷியா இருந்தாங்க, நாலாவது வாரம் கொட்டாவி விட்டாங்க. செத்தவனை எழுப்ப மந்திரம் இருந்தா யார் செத்தா என்ன? இன்னொரு தப்பும் பண்ணினேன். 1980-இல் வந்த 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற விளையாட்டுப் புத்தகத்தில் நம்ம தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி போட்டிருப்பாங்க, கார்த்திகேயனுக்கும் சேர்த்து. அதை ஒரு தகவலாத்தான் சொன்னேன். ஒரு தங்கச்சி, "அப்படின்னா முருகனை அடிச்சுச் சாய்க்கலாமா அண்ணே?"ன்னு கேட்டுச்சு. மேசையில யாரும் பேசல. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளை அது. அன்னையிலிருந்து எங்க மேசையில தெய்வத்துக்கு எண் கிடையாது. தெய்வம் பாத்திரமாவும் வராது.

அதுக்கப்புறம் கதையைக் கடாரத்துக்கு மாத்தினோம். காலம் 1025, ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்துபோன கையோடு. பாத்திரங்கள் எல்லாரும் எறிவீரர்கள். இது நான் கற்பனை பண்ணினது இல்லை. ஐந்நூற்றுவர் போன்ற பெரிய வணிகக் குழுக்கள் சரக்கைப் பாதுகாக்க ஆயுதம் தாங்கிய காவலர்களை வெச்சிருந்தாங்க, அவங்கதான் எறிவீரர். அந்த வணிகர்கள் இந்தப் பக்கமெல்லாம் நடமாடினாங்க என்பதற்குச் சுமத்ராவின் பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. கோனனைத் தேடி வேற உலகத்துக்குப் போக வேண்டியதில்லை, கெடாவுக்குப் போனா போதும். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துல புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

மாயத்துக்கான விதிகளை மகாபாரதத்திலிருந்தே எடுத்தோம். யோசிச்சுப் பாருங்க, அதில் அஸ்திரம் யாருக்கும் சும்மா கிடைக்கல. கர்ணன் பரசுராமர்கிட்ட கத்துக்கிட்ட பிரம்மாஸ்திரம், தேவைப்படும் நேரத்தில் மறந்துபோகும் என்று சாபம். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை ஒருவர் மேல ஒரே ஒருமுறைதான் எறியலாம், அதுக்கு விலை கவசமும் குண்டலமும். கிருஷ்ணர் மறைந்த பிறகு அர்ஜுனன் துவாரகைப் பெண்களை அழைச்சுக்கிட்டு வரும்போது, தடி எடுத்த வழிப்பறிக்காரங்ககிட்ட தோத்துப் போறான். அஸ்திரம் எதுவும் நினைவுக்கு வரல, வற்றாத அம்பறாத்தூணி வற்றிப் போச்சு. கடைசியில் வில்லின் நுனியால அடிக்கிறான். (சொன்ன மந்திரம் மனசை விட்டுப் போயிடும் என்ற விதி டஞ்சன்ஸிலும் உண்டு. அதை அவங்க ஜாக் வான்ஸ் என்பவரின் கதைகளிலிருந்து எடுத்தாங்க.) ஆக எங்க விதி: ஆளுக்கு ஒரு உபதேசம்தான், அதுக்கு ஒரு விரதம், விரதம் உடைஞ்சா உபதேசம் மறந்துபோகும். காயம் பட்டா ஒரு ராத்திரி தூக்கத்துக்கு ஒரு உயிர்ப்புள்ளி மட்டும் திரும்பும்.

எங்க குழுவில் படிவம் 4 தம்பி ஒருத்தன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவன் பாத்திரத்துக்குக் குரு கொடுத்த ஒரு வேல், ஒருமுறைதான் எறியலாம், எறிஞ்சா தப்பாது. கடற்கொள்ளைத் தலைவனுக்காக ஏழு வாரம் அதைப் பொத்தி வெச்சிருந்தான். எட்டாவது வாரம், ராத்திரியில் மூடா ஆற்றைக் கடக்கும்போது, சுமைகூலிப் பையன் ஒருத்தனை முதலை கவ்விடுச்சு. வாளால காப்பாத்தணும்னா பகடையில் 17-க்கு மேல விழணும், அதாவது இருபதில் மூணு வாய்ப்புதான். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பையன் பேரு என்ன?"ன்னு கேட்டான்.

நான் பேர் வைக்கவே இல்லை. அவன் வேலை எறிஞ்சுட்டான்.

மத்தவங்க கத்துனாங்க பாருங்க! "பைத்தியமா மச்சான், தலைவனை எதை வெச்சு அடிப்ப?" நானும் பெரிய மனுஷன் மாதிரி, கர்ணனும் அர்ஜுனனுக்கு வெச்சிருந்ததைக் கடோத்கசன் மேல வீணாக்கினான்னு எடுத்துவிட்டேன். தம்பி மெதுவா சொன்னான்: "வீணாக்கல அண்ணே. பதினாலாம் நாள் ராத்திரி கௌரவப் படை செத்துக்கிட்டு இருந்துச்சு. எறி எறின்னு அவங்கதான் கெஞ்சினாங்க. அவன் தன் உயிருக்கு வெச்சிருந்ததை அவங்களுக்காக எறிஞ்சான்." வருஷா வருஷம் கர்ணனைப் பத்திப் பாடம் எடுத்திருக்கேன். கொடை, நட்பு, செஞ்சோற்றுக்கடன்னு ஒப்பிச்சிருக்கேன். இந்தக் கோணத்துல ஒருநாளும் யோசிச்சதில்லை.

வேல் இல்லாமல் தலைவனைச் சந்திச்சதில் எங்க ஆள் ரெண்டு பேர் செத்தாங்க. அதில் ஒண்ணு அந்தத் தங்கச்சியோட பாத்திரம். மணிலா அட்டையில் அதுக்கு நடுகல் வரைஞ்சு எடுத்துட்டு வந்துச்சு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒண்ணு, கள்வர்களைக் கடிச்ச கோவிவன் என்ற நாயோட பேரையும் சொல்லும். அதனால அட்டையில ஓரமா ஒரு நாயும் இருந்துச்சு. எங்க கதையில நாயே கிடையாது, இருந்தாலும் விட்டுட்டோம்.

இப்போ பெரியவர் கேள்வி. அவருடைய தம்பி நாலு நம்பரில் வீட்டையே விட்டவர்னு எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. பகடையைப் பார்த்தா அவருக்கு வயிறு எரியாதா? சூதில் ஒருத்தர் இழந்தாத்தான் இன்னொருத்தர் எடுக்க முடியும். எங்க மேசையில பந்தயமே இல்லை, எல்லாரும் ஒரே பக்கம். பகடை உருளுறதுக்கு முன்னால என்ன செய்யறதுன்னு முடிவு பண்றது நம்ம கையில. தருமனும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எழுந்து போயிருக்கலாம். மகாபாரதம் அதோட விடல. வனவாசத்தில் பிருகதசுவ முனிவர் தருமனுக்கு நளன் கதையைச் சொல்லிட்டு, பகடையின் சூட்சுமத்தையும் கத்துக்கொடுக்கிறார். பயந்து ஓடாதே, புரிஞ்சுக்கோ என்கிற மாதிரி.

நாங்களும் ஒரு சாயங்காலம் கணக்குப் போட்டோம். இருபது முகப் பகடையில் தொடர்ந்து மூணு தடவை 20 விழ வாய்ப்பு 8,000-இல் ஒண்ணு. நாலு நம்பரில் ஒரு எண்ணுக்கு முதல் பரிசு விழ வாய்ப்பு 10,000-இல் ஒண்ணு, அதைவிடக் குறைவு. ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பகடையா உருட்டினோம். ஒருத்தருக்கும் மூணு 20 வரிசையா விழல. ஒரு பையன் சத்தமில்லாமல், "எங்கப்பா வாரத்துக்கு மூணு நாள் வாங்குறாரு"ன்னு சொன்னான்.

இதையெல்லாம் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையா கேட்டாரு. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கோயிலுக்குள்ள வேணாம்"னுட்டாரு. சரின்னு ஒத்துக்கிட்டோம். இப்போ தாமானில் ஒரு உறுப்பினர் வீட்டுக் கார் நிறுத்துற இடத்துலதான் விளையாடறோம்.

உங்க கிளையில தொடங்க ஒரு பகடை, பென்சில், ஆளுக்கு ஒரு தாள் போதும். துவாரகையிலிருந்து வரும் அந்தப் பயணத்தையே முதல் கதையா எடுங்க. நீங்க அர்ஜுனன் இல்லை, கூட நடந்து வரும் சாதாரணக் காவலர்கள். அஸ்திரம் வராதுன்னு அர்ஜுனனுக்கு அப்பத்தான் தெரியுது. தடி எடுத்தவங்க நெருங்கிட்டாங்க. அங்கே நிறுத்தி, என்ன செய்வீங்கன்னு கேளுங்க. சுமைகூலிக்கும் சேர்த்து எல்லாருக்கும் முன்கூட்டியே பேர் வெச்சிடுங்க.

பெரியவர் சாயங்கால நடையில் அந்த வழியாத்தான் போவார். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. போன வாரம் கேட் பக்கத்துல நின்னு, "அந்தக் கூலிப் பையன் பொழைச்சுட்டானா?"ன்னு கேட்டாரு. கால் ஒண்ணு போச்சு, ஆனா பொழைச்சுட்டான்னு சொன்னோம்.