ஊர்ப்பெயர் எழுதுமுறை: பொகவந்தலாவைத் தோட்டங்களை முன்னிட்டு

ஏடும் கல்வெட்டும் இல்லாதவிடத்து ஊரின் சரித்திரத்திற்கு ஊர்ப்பெயர்களே சான்றாகும். பொகவந்தலாவை தூய மரியாள் ஆலய முற்றத்திலே, 1879ஆம் ஆண்டு காலஞ்சென்ற ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கில ஒளிப்படக் கலைஞரின் கல்லறையை இன்றும் காணலாம். அக்காலத்தே அம்மலைகளிற் காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட தமிழ் மக்களுக்கு அத்தகைய கற்கள் இல. அவர் விட்டுச்சென்றவை அவர் இட்ட பெயர்களே.

அங்கு வழங்கும் பெயர்கள் மூவகைப்படும். ஒன்று சிங்களப் பெயர்: தலாவ என்பது சமவெளி, கொட்டியாகலை என்பதன்கண் கொட்டியா சிறுத்தையையும், கல என்பது கல்லையும் குறிக்கும். இரண்டாவது, கெம்பியன், பிரிட்வெல் என்றாற்போலத் துரைமார் இட்ட பெயர். மூன்றாவது, மேற்கணக்கு, பணியக்கணக்கு, பிரட்டுக்களம், பீலிக்கரை என்றாற்போலத் தொழிலாளர் வாயில் வழங்குவது. முன்னிரண்டும் நில அளவைப் படங்களில் ஏறின. மூன்றாவது பெரும்பாலும் நாவளவில் நின்றது.

இவற்றை எழுதுமாறு எங்ஙனம்? அயர்லாந்து நில அளவையில் 1830ஆம் ஆண்டு சேர்ந்த ஜான் ஓடொனவன் என்பார் கோயிற்பற்றுத்தோறும் சென்று, ஒரு பெயர்க்குப் பழைய ஏடுகளிலுள்ள வடிவங்களையும் ஊரார் உச்சரிப்பையும் ஒருங்கே குறித்தார். படத்தில் ஆங்கில வடிவமே ஏறிற்றாயினும், அப்பெயரேடுகளால் ஐரிஷ் வடிவங்களை இன்றும் அறிகின்றோம்.

நாமும் அவ்வாறே, சொல்லியவாறே பெயரையும், சொன்னவர் வயதையும், இடத்தை ஓடை, பாறை, மலை நம்பர் கொண்டும் எழுதுக. பெயர்க்காரணம் கூறுவாராயின் அதனை வேறாகக் குறிக்க. கேட்ட கதையும் கண்ட செய்தியும் கலத்தலாகாது. ஓரிடத்திற்குப் பல பெயர் உளவாயின் அனைத்தையும் எழுதுக.

சைவாசிரியர்களாகிய நாம் சிறப்பாகத் தவிர்க்கவேண்டியது ஒன்றுண்டு. அது திருத்தும் ஆசை. தேயிலைத் தொழிற்சாலையருகே வழிபடப்படும் ரோதைமுனியை முனீசுவரர் என எழுதுதல் செம்மையெனத் தோன்றலாம். ரோதையோ சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்வழி வந்தது. அச்சொல்லை நீக்கின், இயந்திரச் சக்கரத்திற்கு அஞ்சி அதனருகே தெய்வத்தை வைத்தவர் வரலாறும் உடன் நீங்கும். கவ்வாத்துசாமி என்னும் பெயரும் அத்தகையதே. மொழித்திருத்தம் வகுப்பிற்கு உரியது, பதிவேட்டிற்கு உரியதன்று.

காலந்தாழ்த்தலும் தகாது. 1964, 1974ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றனர். அவருடன் பெயர்களும் சென்றன. இப்பொழுது லயங்கள் சில தனிவீடுகளாகுமிடத்துப் புதுப்பெயர்கள் புகுகின்றன. லயத்தார்க்குத் தோட்டப்பெயரே முகவரியாதலின், கடிதம் உரியவர் கைசேராது தவறுதலும் உண்டு. தம் இடத்திற்கு வழங்கிவந்த பெயரை எழுத்திற் காட்டவல்லார், அதனையே தம் முகவரியாக்குமாறு கேட்கவும் வல்லராவர்.

ஆதலின், மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதியோரிடம் பத்துப் பெயர் கேட்டெழுதி வருமாறு இத்தவணையிலேயே பணிப்பீராக. ஒரு வகுப்பின் ஏடுகளைச் சேர்ப்பின் ஒரு தோட்டத்தின் படம் உருவாகும்.